கிடைத்த இடம், போகும் இடம்

செம்மேட்டுவிளையில் நகைகள் இடம்விட்டு இடம் போக ஆரம்பித்தது, ஆனிக் காற்று தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளி அள்ளிக் கதவுகளில் எறிந்துகொண்டிருந்த நாட்களில்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். முதலில் போனது யாருடைய நகை என்பதில் மட்டும் ஊர் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டு நகைதான் முதலில் போனது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் எல்லாருமாகச் சேர்ந்து, செத்து மண்ணாகிப்போன, மறுத்துப் பேச வாரிசு இல்லாத ஒருவன் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். மேட்டில் தோண்டி எடுத்த பெரிய முதுமக்கள் தாழிக்குள் இருந்தானே, அவனுடைய தங்க நெற்றிப்பட்டம்தான் முதலில் போனது என்றார்கள். அது பொய்யும் இல்லை.

தொல்லியல் துறையிலிருந்து மேட்டைத் தோண்ட வந்தவர் இளவெயினி மேடம். அந்தப் பெயர் ஊரார் வாயில் நுழையாமல் வெயினி, வெயிலு என்று தேய்ந்து கடைசியில் வெயில் மேடம் என்று நின்றுவிட்டது. நாள் முழுக்கக் குடை இல்லாமல் குழிக்குள் நிற்கிறவருக்கு அது பொருந்தித்தான் இருந்தது. ஊரில் வீட்டுக்கு ஒருவராவது அவரிடம் கூலிக்குப் போனார்கள். எதற்கும் கோபப்படாத மனுஷி, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. நான்கு முளை அடித்து வெள்ளை நூல் கட்டிவிட்டால் அந்தச் சதுரத்துக்குள் செருப்புக்காலோடு யாரும் இறங்கக் கூடாது, உள்ளே தெரிகிற எதையும், அது வெறும் ஓட்டாஞ்சில்லாகவே இருந்தாலும், வரைந்து படம் பிடித்து முடிக்கும்வரை யாரும் தொடக் கூடாது. முதல் வாரத்தில் ஊர்த்தலைவர் சங்கரவேல், என் ஊர் மண்ணில் எனக்கென்ன தடை என்கிற தோரணையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நூலைத் தாண்டப் போனார். "அண்ணாச்சி, அப்படியே நில்லுங்க" என்று மேடம் சொன்ன குரலில், அவர் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றதை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து செம்மேட்டுவிளையில் நூலைத் தாண்டுவது கோவில் நடைக்குள் செருப்போடு போவதற்குச் சமமாகிவிட்டது. துணி காயப்போட்ட கொடியைக்கூடச் சிலர் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த மேட்டு மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. செக்கச்செவேலென்ற அந்த மண் எலும்பைத் தின்றுவிடும், மண்டை, முதுகு, விரல் என்று ஒன்றையும் விட்டுவைக்காது. பொன்னையும் கல்லையும் மட்டும் தொடாது. அதனால் மேடம் ஆளைத் தேடவில்லை, ஆள் போட்டிருந்ததைத் தேடினார். இரண்டு தோடுகள் ஒரு சாண் இடைவெளியில் கிடந்தால் நடுவில் ஒரு முகம் இருந்தது. மணிகள் வளைந்து கிடந்தால் அங்கே ஒரு கழுத்து இருந்தது. வளையல்கள் முகத்துக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால், இரண்டு கையையும் கன்னத்துக்குக் கீழ் கொடுத்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள் என்று அர்த்தம். ஒன்றுமே இல்லாத மண்ணில் ஒரு பெண் படுத்திருப்பதை மேடம் விரலால் காற்றில் வரைந்து காட்டும்போது, நின்றிருந்தவர்கள் தங்களை அறியாமல் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்கள். மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அதை மறந்தார்கள். பிரஷால் மண்ணைத் தள்ளும் வேலைக்கு வந்த உலகம்மாள் மறக்கவில்லை.

உலகம்மாள் சிவபெருமாளுக்கு இரண்டாம் தாரம். கழுத்தில் குந்துமணித் தங்கம் போட வழியில்லாத வீட்டிலிருந்து வந்தவள். அவளை எதுவும் கேட்காமல் கட்டிக்கொண்டு, தூத்துக்குடியில் எடுத்த புதுத் தாலிக்கொடியைப் போட்டு, மேட்டை ஒட்டிய முருங்கைத் தோப்பும் டிராக்டரும் உள்ள வீட்டுக்கு எஜமானி ஆக்கியவன் சிவபெருமாள். கை நீட்டமாட்டான், குடிக்கமாட்டான், சந்தைக்குப் போனால் அவளுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வாங்காமல் திரும்பமாட்டான். அவனுடைய முதல் பெண்டாட்டி செல்லக்கனி லாரிக்காரன் ஒருவனோடு மும்பைக்கு ஓடிப்போனவள் என்பது ஊர் அறிந்த சங்கதி. போகும்போது ஒரு பொட்டு நகையைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லையாம், அவ்வளவு திமிர் என்று பெண்கள் சொல்லும்போது உலகம்மாளும் தலையை ஆட்டியிருக்கிறாள். ஓடிப்போகிறவள் முதலில் நகையைத்தானே எடுப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

நெற்றிப்பட்டத்தின் கதைக்கு வருவோம். பெரிய தாழிக்குள் வாளும், வாளுக்குப் பக்கத்தில் பட்டமும் இருந்தன. இவன் தலைவன், இது அவனுடைய பட்டம் என்று மேடம் எழுதிவைத்து, பெட்டியைப் பூட்டி, தகரக் கொட்டகையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கப் போனார். மறுநாள் காலையில் பட்டம் மூலைக்குழியில் கிடந்தது. அங்கே தாழி கிடையாது, படையல் கிடையாது; சிவப்புக் கல்மணிகள் கொஞ்சம் மட்டும், அவசரமாகப் புதைத்த யாரோ ஒரு பெண் முடங்கிப் படுத்திருந்த விதத்தில் சிதறிக் கிடந்தன. பட்டம் அவளுடைய நெற்றி இருந்திருக்க வேண்டிய இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்திருந்தது. மேடம் முதலில் காவல்காரரைச் சந்தேகப்பட்டார், பிறகு கூலியாட்களை, பிறகு தன் மாணவர்களை, கடைசியில் தன்னையே. பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தும் பார்த்தார். விடிந்தால் பட்டம் மூலைக்குழியில்தான். அலுத்துப்போய், நெற்றிப்பட்டம் என்று எழுதியதற்குக் கீழே, கிடைத்த இடம் பெரிய தாழி, போகும் இடம் மூலைக்குழி என்று சேர்த்து எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வாரமே ஊருக்குள்ளும் ஆரம்பித்துவிட்டது. ஒரு வீட்டு மாமியாரின் அட்டிகை விடிந்ததும் மருமகளின் தலையணைக்கு அடியில் இருந்தது. அண்ணன்காரன் போட்டிருந்த மோதிரம் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டு வாசற்படியில் இருந்தது. நாத்தனார் காதில் ஆடிக்கொண்டிருந்த ஜிமிக்கி, அண்ணியின் செத்துப்போன அம்மாவை எரித்த இடத்தில் போய்ச் சாம்பலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எந்தக் காலத்திலோ வெளியூர் மருமகளிடம் வாங்கி உருக்காமல் வைத்திருந்த ஒற்றை வளையல், அவளுடைய ஊருக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்தில் புறப்படத் தயாராகக் கிடந்தது. நகை நகர்வதை யாரும் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் இருக்கும், கண் அசந்தால் இருக்காது, அவ்வளவுதான். அரிசிப் பானைக்குள் புதைத்தார்கள், கட்டில் காலில் கட்டினார்கள், வாய்க்குள் அடக்கிக்கொண்டுகூட ஒருத்தி படுத்தாள், எதுவும் உதவவில்லை. கவரிங் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது, அதற்காக அழுதவர்கள் யாரும் இல்லை என்பதால்.

இதற்கு ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால் இல்லை, ஆச்சரியப்பட நேரம் இல்லை. அவரவர் நகை எங்கே போகிறது என்பதை மறைக்கவும், அடுத்தவர் நகை எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவுமே பொழுது சரியாக இருந்தது. ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் தனித்தனியாகச் சமைத்தார்கள். "அத்தே, ஒங்க கம்மலு எதுக்கு எங்கம்மை வீட்டு வாசலுக்குப் போகுது?" என்று ஒரு மருமகள் பொதுக்குழாயில் வைத்துக் கேட்க, அந்த வீட்டில் மூன்று நாள் உலை ஏறவில்லை. கோவிலில் கைகூப்பி நிற்கும்போதும் ஆட்கள் சாமியைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவரின் காதையும் கழுத்தையும் பார்த்தார்கள்.

கடைசியில் சங்கரவேல் ஊர்க்கூட்டம் போட்டார். ஆளாளுக்குக் கத்தி ஓய்ந்த பிறகு, எப்போதும் அதிகம் பேசாத சிவபெருமாள் எழுந்து, "அவங்கவங்க பொருள் எங்கன போகும்னு அவங்கவங்களுக்குத் தெரியும். காக்கா கத்துறதுக்கு முன்னால போய் எடுத்துட்டு வந்துருவோம். பக்கத்துல கெடக்கிறதப் பாக்கவும் வேண்டாம், கேக்கவும் வேண்டாம்" என்றான்.

இப்படி ஒரு நியாயத்துக்காகத்தான் காத்திருந்தவர்கள் மாதிரி ஊர் முழுக்கத் தலையாட்டியது. மறுநாளிலிருந்து விடியற்கருக்கலில் செம்மேட்டுவிளைத் தெருக்களில் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு எதிரும் புதிருமாகப் போனார்கள், வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை; விடிந்ததும் எல்லார் கழுத்திலும் எல்லாம் இருந்தது, "சாப்டாச்சா மைனி" என்று விசாரித்துக்கொண்டார்கள். உலகம்மாளுக்குத் தன் புருஷனை நினைத்துப் பெருமையாக இருந்தது. அவளுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அவளிடம் இருந்த ஒரே தங்கம் அந்தத் தாலிக்கொடி, அதுவும் கடையில் எடுத்த புதுசு, அவளுக்கு முன்னால் யார் கழுத்திலும் ஏறாதது.

ஒருநாள் அவளுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே விழிப்பு வந்தது. கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். கழுத்து வெறுமையாக இருந்தது. பாயைத் தடவுவதற்குள் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஏன் என்று தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். சிவபெருமாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஈரத்தில் நனைந்த தேரி மண் வாடை அவன் காலில் இருந்தது. அவளுடைய தலையை ஒரு கையால் லேசாகத் தூக்கி, தாலியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, பிடரியில் கொக்கியை மாட்டினான். விரல் தடுமாறவே இல்லை. தினமும் செய்கிறவனுடைய விரல் அது என்று அவளுக்குப் புரிந்தபோதும் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

சாப்பாடு வைக்கும்போது, "கழுத்துல மண்ணு ஒட்டியிருக்கு, பாத்தியளா" என்றாள்.

"காத்து அடிக்கில்லா" என்றான்.

"இது புதுசுதானே?"

"புதுசுதான். பின்ன?" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றச் சொன்னான். ரசம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான்.

சந்தேகம் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் முதலில் அது நல்லதையெல்லாம்தான் தின்னும். அவன் வாங்கி வந்த முறுக்கைப் பார்த்தால், எதை மறைக்க வாங்கினான் என்று தோன்றியது. கை நீட்டாதவன் என்று நினைத்தால், ஒரு தடவை நீட்டிவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டவனோ என்று தோன்றியது. தாலி அவன் சொல்கிறபடி புதுசு என்றால் ஏன் போகிறது, செல்லக்கனியுடையது என்றால் அது மும்பைக்கு அல்லவா போக வேண்டும், பஸ் நிற்கும் இடத்தில் அல்லவா கிடக்க வேண்டும். அது எங்கே கிடந்து எடுத்து வருகிறான் என்று கேட்கவும் முடியாது. யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பது அவனே போட்ட சட்டம்.

முருங்கை லோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற நாள் வந்தது. கிளம்பும்போது சிவபெருமாள் கையை நீட்டினான். "தாலியக் கழத்திக் குடு. கருத்துக் கெடக்கு. பாலிஷ் போட்டுட்டு நாளைக்கு வாரேன். அதுவரைக்கும் மஞ்சக்கயித்தக் கட்டிக்க." அவள் கழற்றிக் கொடுத்தாள். அதைக் கர்ச்சீப்பில் சுற்றிச் சட்டையின் உள்பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டான். "தோப்புப் பக்கம் போகாத, பூச்சி பொட்டு நடமாடுது" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான்.

சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு எங்கே போவது என்று தெரிந்திருக்காது.

காகம் கத்துவதற்கு வெகு முன்னாலேயே உலகம்மாள் தோப்பில் இருந்தாள். மோட்டார் ரூமுக்குப் பின்னால், வரப்பை ஒட்டி, மரம் வைக்காமல் விட்டிருந்த ஒரு துண்டு நிலம். நடுவில் தாலிக்கொடி கிடந்தது, கொக்கி மாட்டியபடியே, ஒரு கழுத்து நுழைகிற அளவுக்கு வாய் திறந்து. அதைத் தொடக் குனிந்தவள் கையை இழுத்துக்கொண்டாள், ஏனென்றால் அது தனியாகக் கிடக்கவில்லை. தாலிக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கம்மல்கள். கம்மல்களுக்கு நடுவில், கொஞ்சம் முன் தள்ளி, ஒற்றைக்கல் மூக்குத்தி. மூக்குத்திக்கு அருகில் நான்கு வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. வேறு யாராவது பார்த்திருந்தால் சிந்திக்கிடக்கிற நகை என்று நினைத்திருப்பார்கள். ஆனிமுதல் பிரஷும் கையுமாகக் குழிக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்படி நினைக்க வழியில்லாமல் போயிற்று. வடக்கே தலை வைத்து, இரண்டு கையையும் கன்னத்துக்குக் கீழ் கொடுத்து, ஒருத்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு அவள் மோட்டார் ரூம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முதலில் வந்தது கோமதி மைனி, சிவபெருமாளின் அக்காள். குனிந்த தலை நிமிராமல் கம்மல் இரண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பிறகு சங்கரவேலின் பெண்டாட்டி வந்து வளையல்களை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அம்மன் கோவில் பூசாரி வந்து, பெயர் சொல்ல விரும்பாத பக்தர் அம்மனுக்குக் கொடுத்தது என்று பலகையில் எழுதிப்போட்டிருந்த மூக்குத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். மூவரும் தங்களுடையதை மட்டும் பார்த்தார்கள், பக்கத்தில் கிடந்ததைப் பார்க்கவில்லை, சட்டம் அப்படி. ஆளுக்கொரு துண்டாக ஒருத்தியை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவும் இல்லை. அல்லது தெரிந்திருந்தது. அதுவும் இனி யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம்.

உலகம்மாள் தாலியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் சிவபெருமாள் சந்தையிலிருந்து திரும்பியவன் நேரே வீட்டுக்கு வராமல் தோப்புக்குப் போய்விட்டு வந்தான். "பாலிஷ் போட்டாச்சு" என்று சொல்லித் தாலியை அவள் கழுத்தில் போட்டான். முறுக்குப் பொட்டலத்தையும் கொடுத்தான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம் என்று சொன்னால் போதாது. வாயைத் திறந்தால் தாலி போகும், வீடு போகும், அப்பன் வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் கிடையாது, புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேர் சாகும்வரை கூட வரும். வாயை மூடிக்கொண்டால் தினமும் இந்தக் கையே தலையைத் தூக்கி இந்தத் தாலியை மாட்டும், என்றாவது ஒருநாள் மாட்டாமல் இருக்கும். முகம் தெரியாத செல்லக்கனியை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது. அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னபோது தலையாட்டியதை நினைத்து அதைவிட அதிகமாக வந்தது.

மறுநாள் குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டே மேடத்திடம் கேட்டாள். "மேடம், அந்தப் பட்டம் அந்தப் பெரிய ஆளோடதுன்னு முதல்ல எழுதினீங்கல்லா?"

"எழுதினேன். நகை யாரோட கிடக்குதோ அவங்களோடதுன்னு எழுதிடுவோம். எங்க தொழில்ல எல்லாரும் பண்ற தப்பு அது. எடுத்துக்கிட்டவனோட கூடக் கிடக்கலாமே, அதை யோசிக்க மாட்டோம்."

"இப்ப அது அந்தப் பொம்பளையோடதுன்னு சொன்னா ஒத்துக்கிடுவாங்களா?"

"எங்க ஆபீஸ்லயா? சிரிப்பாங்க." மேடம் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் சொன்னார். "ஆனா எல்லாம் அதது இடத்துல கிடக்கும்போது, யாரும் கை வைக்கிறதுக்கு முன்னாடி வரைஞ்சு காட்டிட்டா அப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது உலகம்மா. எடுத்துட்டா அது வெறும் நகை."

அன்று வேலை முடிந்து சாமான்களைக் கொட்டகையில் வைக்கும்போது உலகம்மாள் நான்கு முளையையும் ஒரு கண்டு நூலையும் சின்னச் சுத்தியலையும் ஒரு பிரஷையும் கூடைக்கு அடியில் போட்டு எடுத்துக்கொண்டாள். படுக்கும்போது தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பயணக் களைப்பு இன்னும் தீராத சிவபெருமாள் அயர்ந்து தூங்கினான். எப்போது என்று அவளுக்குத் தெரியாது, ஒரு தடவை கண் அசந்து விழித்தபோது கைக்குள் ஒன்றும் இல்லை. எழுந்து போனாள்.

விடியற்கருக்கலில் கோமதி மைனி வரப்பைத் தாண்டி வந்தபோது, துண்டு நிலத்தில் நான்கு முளை அடித்து வெள்ளை நூல் கட்டியிருந்தது. நூலுக்கு உள்ளே செருப்பில்லாமல் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். மைனிக்குக் கால் நூலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவளும் ஆடி முழுக்க மேட்டில் மண் சுமந்தவள்தான்.

"ஏட்டி, என்ன வேலை இது? ஏங் கம்மல எடுத்துக் குடு."

"மேடம் வரட்டும் மைனி. வரையணும்."

சங்கரவேலின் பெண்டாட்டி வந்தாள், அவளும் நின்றாள். பூசாரி வந்து, அம்மனுக்கு விடியல் பூசைக்கு நேரமாகிறது என்று கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், கிழக்கே ஒரு தடவை மேற்கே ஒரு தடவை என்று நூலைச் சுற்றி வந்தார், தாண்டவில்லை. முதல்முறையாக அவர்கள் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் சிவபெருமாள் கொடுத்தான் என்று நினைத்திருந்தார்கள். கம்மலைப் பார்த்த பூசாரி கோமதியைப் பார்த்தார். வளையலைப் பார்த்த கோமதி தலைவர் வீட்டுக்காரியைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள். காகம் கத்திவிட்டது. கத்தின பிறகும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், வேலைக்குப் போகிற வழியில் கூட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் கூடையும் மண்வெட்டியுமாக வரப்பில் வந்து நின்றார்கள், வந்தவர்கள் எல்லாரும் நூலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டார்கள்.

இளவெயினி மேடமும் மேட்டுக்குப் போகிற வழியில் கூட்டத்தைப் பார்த்து, ஸ்கூட்டரைப் பனைமரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. சதுரத்தை ஒரு தடவை சுற்றி வந்தார். பலகையையும் பென்சிலையும் எடுத்து, கம்மல், மூக்குத்தி, வளையல், தாலி என்று வடக்கிலிருந்து வரைந்துகொண்டு வந்தார். தாளில் ஒரு முகம் வந்தது, ஒரு கழுத்து வந்தது, கன்னத்துக்குக் கீழே கை வந்தது. வரப்பில் நின்றிருந்த பெண்களில் யாரோ "கனி" என்று சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அப்போதுதான் சிவபெருமாள் வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. நூலுக்கு முன்னால் வந்தவன், மற்றவர்களைப் போலவே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"ஒலகு, வெளிய வா. எதுன்னாலும் வீட்டுல வச்சிப் பேசிக்கிடுவோம்."

"வரைஞ்சு முடியல" என்றாள்.

"அவ நகை அவ விட்டுட்டுப் போனது. நாங் குடுத்தேன். குடுத்தது ஒரு குத்தமா?" என்று அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டான். "காத்துல வந்து கெடக்கு. மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா?" அது நியாயம்தானே என்று ஒன்றிரண்டு தலைகள் ஆடவும் செய்தன. சங்கரவேல் தொண்டையைச் செருமினார். நகை எல்லாம் ஊருக்குள்ளிருந்து வந்தவை, ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தது, மண்ணுக்கு மேலே வந்தது. இதை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்கிற நினைப்பு கூட்டத்தில் பரவுவது உலகம்மாளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள்.

வெயில் மண்ணில் விழுந்தது. தாலிக்குத் தெற்கே, ஒன்றுமில்லாமல் கிடந்த இடத்தில், மண் லேசாக அசைந்தது. எறும்பு புற்றிலிருந்து வெளிவருகிற அளவுக்குத்தான் அசைந்தது. பிறகு அந்த இடத்தில் கறுப்பாக வளைந்து ஒன்று தெரிந்தது. அது எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை, யார் முந்தானையிலிருந்தும் வரவில்லை, கீழேயிருந்து மேலே வந்தது. உலகம்மாள் குனிந்து பிரஷால் இரண்டு தடவை தள்ளினாள். கறுத்துப்போன ஒரு மெட்டி.

கோமதி மைனிதான் தன் தம்பி பக்கம் திரும்பினாள். அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"மெட்டியக் கழத்தலையாலே நீ?"

"வெள்ளிதானக்கா" என்றான் சிவபெருமாள்.

சொல்லிவிட்டுத்தான் இரண்டு பேரும் ஊரைப் பார்த்தார்கள். மைனி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்துவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. ஓடலாம் என்று சிவபெருமாள் நினைத்திருக்கலாம், ஆனால் செருப்பை எங்கே விட்டோம் என்று தெரியாதவன் மாதிரி குனிந்து தேடிக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றவர்கள் வழி விடவில்லை.

உலகம்மாள் தலை நிமிரவில்லை. முதல் மெட்டியிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, அவசரப்படாமல், மண்ணைப் பிரஷால் தள்ளித் தள்ளி இரண்டாவதையும் வெளியே கொண்டுவந்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாலிக்கும் மெட்டிக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கையால் சாண் போட்டுப் பார்த்தாள். ஒரு பெண் காலை நீட்டிப் படுக்க அது போதாது.

"மெட்டி ரெண்டு, மேடம்" என்றாள். "முழங்கால மடக்கிப் போட்டிருக்காவ. அப்படியே வரைஞ்சுக்கோங்க."